குலைநோய்: புள்ளி தெரியும் முன்னே

நெல் இலையில கண் மாதிரி புள்ளி வந்தாத்தான் குலைநோய்னு பார்க்கிறோம். பூஞ்சையோ அதற்கு முன்பே உள்ளே போய்விடுகிறது.

அதன் வித்துக்கு மூன்றே செல்கள். ஈர இலையில் ஒட்டி, சிறு குழாய் விட்டு, நுனியில் குமிழ் போல ஒரு செல்லைக் கட்டும். கையிருப்பையெல்லாம் அதில் போட்டுவிட்டு மூன்றும் செத்துப்போகும். (எந்த வங்கியும் இதுக்குக் கடன் தராது!) குமிழின் கருஞ்சுவருக்குள் கிளிசரால் சேர்ந்து தண்ணீரை இழுக்க, அழுத்தம் 80 வளிமண்டலம் வரை ஏறும். கார் டயரில் சுமார் 2தான். அந்த அழுத்தத்தில் இலைத்தோலைத் துளைத்துவிடும்.

இதற்கெல்லாம் மணிக்கணக்கில் ஈரம் வேணும். அதனால் மார்கழிப் பனிக்கு நிற்கிற பயிரை நான் நெருக்கி நடுவதில்லை. தழைச்சத்து மிஞ்சினாலும் நோய் கூடும், மீன் அமிலமா இருந்தாலும் சரி. விதைக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்துவிடுகிறேன்.