ஒரு தொகுதியைக் காணோம்!

எங்கள் குடும்பத்துக்கு மூன்று எம்.பி.க்கள்!

அரசியல் குடும்பம் என்று நினைத்து விடாதீர்கள் சார். நாங்கள் தறிக்காரர்கள். அப்பாவும் நானும் திருச்செங்கோட்டில். அக்காவைக் கட்டிக் கொடுத்தது பள்ளிபாளையத்தில். தாய்மாமன் வீடு எடப்பாடியில். மூன்று வீட்டிலும் விசைத்தறி ஓடுகிறது. 2004 வரை மூன்று வீடும் ஓட்டுப் போட்டது ஒரே எம்.பி.க்கு. தொகுதியின் பெயர் திருச்செங்கோடு.

2009 தேர்தலில் வாக்காளர் பட்டியலைப் பார்த்தால் நாங்கள் நாமக்கல் தொகுதி. அக்கா ஈரோடு தொகுதி. மாமா சேலம் தொகுதி. திருச்செங்கோடு? அது சட்டசபைத் தொகுதியாக மட்டும் மிச்சம். பாராளுமன்றத் தொகுதி போயே போச்சு!

"ஏனுங் மச்சான், ஊரு அங்கியேதான இருக்குது, தொகுதி மட்டும் எப்படிக் காணாமப் போகும்?" என்று மாமா அப்பாவைக் கேட்டார்.

"மலை மேல அர்த்தநாரீஸ்வரரே பாதிப் பாதியாத்தான் நிக்கறாரு. நம்ம தொகுதிய மூணாப் பிரிச்சா என்ன?" என்றார் அப்பா. சிரித்தோம். ஆனால் அப்பா சிரிக்கவில்லை.

காரணம் இருக்கிறது. காணாமல் போனது சாதாரணத் தொகுதி இல்லை.

1952-இல் முதல் பொதுத் தேர்தல். நாடெங்கும் காங்கிரஸ் அலை. திருச்செங்கோட்டில் ஜெயித்தவரோ ஒரு சுயேச்சை, எஸ்.கே.பேபி கந்தசாமி! ஆரம்பமே எதிர்நீச்சல்.

அடுத்து வந்தவர் டாக்டர் பி.சுப்பராயன். திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி. இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராகவும் இருந்தவர். (கிரிக்கெட் பார்க்க லீவு போடும் ஆபீஸ் நண்பர்கள் இந்த இடத்தில் ஒரு கும்பிடு போடவும்!) 1957, 1962 இரண்டு தடவையும் அவர்தான். மத்திய மந்திரியாக இருந்தார். 1962-இல் மகாராஷ்டிர கவர்னராகப் போய், அதே வருஷம் காலமானார். அப்பா போட்ட முதல் ஓட்டு அவருக்குத்தான்.

1967-இல் காற்று திரும்பியது. தி.மு.க.வின் க.அன்பழகன் இங்கே நின்று ஜெயித்து டெல்லிக்குப் போனார். பிற்பாடு 1977-இலிருந்து 2020-இல் மறையும் வரை கட்சியின் பொதுச் செயலாளர். 'பேராசிரியர் எங்க எம்.பி.யாக்கும்' என்று சொல்லிக்கொள்ள எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான்கு வருஷம் கொடுத்து வைத்திருந்தது.

அப்புறம் சூரியனும் இலையும் மாறி மாறி. 1971-இல் சூரியன், 77-இல் இலை, 80-இல் சூரியன், 84-இல் இலை. தறியில் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுவது மாதிரி!

1989-இல் ஓட்டுரிமை வயதை 21-லிருந்து 18 ஆக்கினார்கள். என் வயதுப் பையன்களுக்கு அந்த வருஷக் கடைசியில் முதல் ஓட்டு. விரல் மையை மூன்று நாள் அழியாமல் காப்பாற்றினேன். ஜெயித்தது அ.தி.மு.க.வின் கே.சி.பழனிசாமி. 1991-இல் அதே கட்சியின் டாக்டர் கே.எஸ்.சௌந்தரம். 1996-இல் தி.மு.க.வின் கே.பி.ராமலிங்கம்.

1996 என்றதும் மொடக்குறிச்சியைச் சொல்லாமல் விட முடியுமா? அதுவும் எங்கள் பாராளுமன்றத் தொகுதிக்குள் இருந்த சட்டசபைத் தொகுதிதான். தங்கள் கோரிக்கைகளுக்கு யாரும் காது கொடுக்கவில்லை என்று விவசாயிகள் கும்பல் கும்பலாக மனு தாக்கல் செய்தார்கள். மொத்தம் 1033 வேட்பாளர்கள்! தேர்தலையே ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள். ஓட்டுச் சீட்டு புத்தகமாகவே அச்சானது. ஒற்றை ஓட்டுக்கூட வாங்காதவர்கள் 88 பேர். தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்ளாத தியாகிகளை வேறு எங்கே பார்க்க முடியும்? அந்த வருஷமே பாராளுமன்றத் தேர்தல் டெபாசிட் 500 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. ஜெயித்தவர் சுப்புலட்சுமி ஜெகதீசன். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

1998-இல் இரட்டை இலையில் நின்று எம்.பி. ஆனவர் எடப்பாடி கே.பழனிசாமி. மாமா ஊர்க்காரர். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பதவி ஓடியது பதின்மூன்றே மாதம். அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக் கொள்ள, 1999 ஏப்ரல் 17-இல் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்தது. 269-க்கு 270!

"ஒரு ஓட்டு என்னத்தப் பண்ணும்னு இனி எவனாச்சும் கேக்கட்டும்" என்றார் அப்பா.

மறுபடி தேர்தல். பழனிசாமியைத் தோற்கடித்தவர் ம.தி.மு.க.வின் மு.கண்ணப்பன். மத்திய மந்திரியும் ஆனார். 2004-இல் பழனிசாமி திரும்பவும் நின்றார். இந்தத் தடவை எதிரே சுப்புலட்சுமி ஜெகதீசன். தமிழ்நாட்டின் 39-ஐயும் தி.மு.க. கூட்டணி வாரிக்கொண்டு போன தேர்தல் அது. திருச்செங்கோட்டின் கடைசி எம்.பி. என்ற பெயர் அந்த அம்மாவுக்கு.

இரண்டு தடவை எங்களிடம் தோற்றவர், 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் முதலமைச்சர்! முன்னாள் முதல் மந்திரி ஒருவர், வருங்கால முதல்வர் ஒருவர் - இரண்டு பேரையும் டெல்லிக்கு அனுப்பிய தொகுதி எங்களுடையது. முதல்வர் நாற்காலியில் அவர் உட்கார்ந்தபோதுதான் தொகுதி இல்லையே!

ஏன் இல்லை? 2001 ஜனத்தொகைக் கணக்கை வைத்துத் தொகுதிகளின் எல்லையைத் திருத்தினார்கள். 2008-இல் உத்தரவு வந்தது. ஊர் பெருத்திருக்கும், ஓட்டு கூடியிருக்கும், ஒரு எம்.பி.க்கு இவ்வளவு பேர் என்று சமன் செய்யத்தான் வேண்டும். நியாயம்தான். பக்கத்தில் ராசிபுரமும் போனது, 1957-இல் ஈ.வி.கே.சம்பத்தை அனுப்பிய பழைய நாமக்கல் திரும்பி வந்தது.

"மூணு எம்.பி. இருந்தா நல்லதுதானப்பா, மூணு பேருகிட்டக் கேக்கலாமே?" என்றேன்.

பதில் 2010-இல் கிடைத்தது. நூல் விலை தாறுமாறாக ஏறியது. திருச்செங்கோட்டிலும் பள்ளிபாளையத்திலும் எடப்பாடியிலும் தறி நின்றது. முன்பென்றால் ஒரு மனு, ஒரு எம்.பி., மூன்று ஊர்க் கூட்டமும் ஒன்றாகப் போய் நிற்கும். இப்போது? மனுவை மூன்று ஜெராக்ஸ் எடுத்தோம். நான் நாமக்கல் பஸ், அக்கா வீட்டுக்காரர் ஈரோடு பஸ், மாமா சேலம் பஸ். மூன்று பேரும் மூன்று தொகுதியின் ஓரத்து ஊர்க்காரர்கள். நடுவில் இருந்தவரை எங்கள் கஷ்டம் தொகுதியின் கஷ்டம். ஓரத்துக்குப் போனதும் அது 'இதர பிரச்னைகள்'!

ஆட்கள் மட்டும் மாறவில்லை. திருச்செங்கோட்டில் 1996-இல் சூரியனில் ஜெயித்த ராமலிங்கம், 2024-இல் நாமக்கல்லில் தாமரையில் நின்று தோற்றார். சேலத்தில் 1999-இல் இலையில் ஜெயித்த டி.எம்.செல்வகணபதி, 2024-இல் சூரியனில் ஜெயித்தார். அவர்கள் சின்னத்தை மாற்றிக்கொள்ளலாம். நாங்கள் ஊரை மாற்றிக்கொள்ள முடியுமா சார்?

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. 1962 வரை தமிழ்நாட்டுக்கு 41 எம்.பி.க்கள். 1967-இலிருந்து 39. அந்த இரண்டு சீட்டை இன்று எத்தனை பேருக்கு ஞாபகம்? 2002-இல் நடைமுறைக்கு வந்த 84-வது சட்டத்திருத்தம், மாநிலங்களின் சீட்டுக் கணக்கை 2026-க்குப் பிந்தைய முதல் ஜனத்தொகைக் கணக்கெடுப்பு வரை தொடாமல் நிறுத்தி வைத்தது. பிள்ளை குறைவாகப் பெற்ற மாநிலத்துக்குச் சீட்டும் குறையுமா என்ற சண்டை அதனால்தான். டி.வி.யில் ஆளாளுக்குக் கத்துகிறார்கள். அது அவர்களுக்குக் கணக்கு. எங்களுக்கு அனுபவம்.

போன மாதம் கிடா விருந்தில் மூன்று வீடும் கூடினோம். நூல் விலை பேச்சு வந்தது. இலையை மடித்துவிட்டு மாமா சொன்னார்:

"மாப்ளே, மனு எழுதறப்ப மூணு காப்பி எடுத்துரு. ஆனா மூணுலயும் மூணு வீட்டுக் கையெழுத்தும் இருக்கோணும்."

எழுதிக் கொண்டிருக்கிறேன்.