நெக்ஸ்ட்... நெக்ஸ்ட்... சப்மிட்! ஆன்லைன் பாதுகாப்புப் பயிற்சி உயிரைக் காப்பாற்றுமா?

‘உங்கள் கட்டாயப் பயிற்சி இன்னும் நிலுவையில் உள்ளது’ என்று ஹெச்.ஆர். துறையிலிருந்து மூன்றாவது முறையாக மெயில் வந்திருக்கும். ஒரு டேபில் வீடியோவை ஓடவிட்டு, இன்னொரு டேபில் வேலையைப் பார்த்துக்கொண்டே ‘நெக்ஸ்ட்’ அழுத்துவீர்கள். கடைசியில் 10 கேள்விகள் வரும். பாஸ் ஆகவில்லையா? மறுபடி முயற்சி செய்யலாம். உங்கள் பெயர் போட்ட சான்றிதழ் பிடிஎஃப்-ஆக வந்து விழும்.

அலுவலகத்தில் இருப்பவருக்கு இது பெரும்பாலும் தீ விபத்து, அவசர வழி பற்றிய பாடமாக இருக்கும். பெரிய கட்டுமான சைட்டுகளிலும் கதை இதேதான். புதிதாக வேலைக்கு வருபவரை உட்காரவைத்து வீடியோ போடுகிறார்கள், பதிவேட்டில் கையெழுத்தோ கைரேகையோ வாங்குகிறார்கள், மேலே அனுப்பிவிடுகிறார்கள். இப்போது அந்த வீடியோ செல்போனுக்கே வந்துவிட்டது.

இந்தச் சான்றிதழ் எதை நிரூபிக்கிறது? அவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்பதையா, அல்லது நிறுவனம் பாதுகாப்பாக இருக்கிறது என்பதையா? வாங்க, பார்க்கலாம்.

பிரச்சினை எவ்வளவு பெரியது?

வேலை தொடர்பான விபத்துகளாலும் நோய்களாலும் உலகம் முழுக்க ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 30 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்பது சர்வதேச தொழிலாளர் அமைப்பு (ஐஎல்ஓ) 2023-இல் வெளியிட்ட மதிப்பீடு. இதில் விபத்துகளால் மட்டும் இறப்பவர்கள் சுமார் 3.3 லட்சம் பேர். மற்றவர்களைக் கொல்வது தூசி, ரசாயனம், நீண்ட வேலை நேரம் போன்றவற்றால் மெதுவாக வரும் நோய்கள்.

இந்தியாவில்? மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் டிஜிஃபாஸ்லி என்ற அமைப்பின் தரவுகளின்படி, 2017 முதல் 2020 வரை பதிவுசெய்யப்பட்ட தொழிற்சாலைகளில் சராசரியாக நாளொன்றுக்கு 3 பேர் இறந்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு வார்த்தையைக் கவனியுங்கள்: ‘பதிவுசெய்யப்பட்ட தொழிற்சாலைகள்’. உங்கள் தெருவில் எழும்பும் அடுக்குமாடி, மெட்ரோ தூண், பாதாளச் சாக்கடை எதுவும் இந்தக் கணக்கில் வராது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து மரண அறிக்கையில் ‘உயரத்திலிருந்து விழுதல்’, ‘கட்டடம் இடிதல்’, ‘மின்சாரம் தாக்குதல்’ என்று தனித்தனி வகைகள் உண்டு. ஆனால், உயரத்திலிருந்து விழுந்தவர் சாரத்தில் நின்ற கொத்தனாரா, சொந்த வீட்டு மொட்டை மாடியில் கால் தவறியவரா என்பதை அந்த வகையை வைத்துப் பிரிக்க முடியாது. இறந்தவர் பயிற்சி பெற்றவரா என்ற கேள்விக்கு அந்த அட்டவணைகளில் ஒரு பத்தியே கிடையாது. அதனால், ‘எங்கள் நிறுவனத்தில் 100% பேருக்குப் பயிற்சி முடிந்தது’ என்று யாராவது ஸ்லைடு காட்டினால், அந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க மறுபக்கத்தில் எண்ணே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஒன்று, தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் சட்டத் தொகுப்பு, 2020. தொழிற்சாலைகள் சட்டம் 1948, கட்டடத் தொழிலாளர் சட்டம் 1996 உட்பட 13 சட்டங்களை இது ஒன்றாக்கியது.

இதன் 6-ஆம் பிரிவு, தொழிற்சாலை, சுரங்கம், கட்டுமானம் போன்ற இடங்களில் முதலாளி கொடுக்க வேண்டியவை என்று நான்கைச் சொல்கிறது: தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை. வீடியோவால் முதல் இரண்டைச் செய்யலாம். மூன்றாவதில் பாதியைச் செய்யலாம். நான்காவதைச் செய்யவே முடியாது. சட்டம் கேட்பது நான்கையும்.

இன்னும் சில முக்கிய அம்சங்கள்:

- கட்டுமானத்தில் 250 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம். பழைய சட்டத்தில் இந்த வரம்பு 500 பேர்.
- வேலையில் தன் பாதுகாப்பு தொடர்பான தகவலை முதலாளியிடம் கேட்டுப் பெற ஊழியருக்கு உரிமை உண்டு. உயிருக்கு ஆபத்து என்று நியாயமான அச்சம் இருந்தால் முதலாளியிடமும், அதே நேரத்தில் ஆய்வாளரிடமும் தெரிவிக்கலாம்.
- முதலாளி தன் கடமையைச் செய்யாததால் மரணம் நேர்ந்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது குறைந்தது 5 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைக் குடும்பத்துக்குக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம்.

ஓட்டை எங்கே? 10 பேருக்கும் குறைவாக வேலை செய்யும் கட்டுமானம் இந்தச் சட்டத்தின் கட்டுமான வரையறைக்குள் வராது. ஒரு மேஸ்திரி, நாலு கொத்தனார், மூணு சித்தாள் என்று நடக்கும் வேலைக்கு பாதுகாப்பு அதிகாரியும் இல்லை, வீடியோவும் இல்லை.

பயிற்சி எத்தனையாவது படி?

பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் முதலில் படிப்பது ஓர் ஏணியைப் பற்றி. ஓர் ஆபத்தைக் கட்டுப்படுத்த ஐந்து வழிகள் உண்டு. மேலிருந்து கீழே போகப்போக பலன் குறையும். ஒரு குடோனின் கூரையை ஒட்டி பைப் மாட்டும் வேலையை வைத்துப் பார்ப்போம்.

1. ஆபத்தையே நீக்குவது: பைப் இணைப்புகளைத் தரையிலேயே முடித்துவிட்டால் மேலே ஆள் நிற்கும் நேரம் பெருமளவு குறையும்.
2. மாற்றுவது: ஏணிக்குப் பதிலாக, தடுப்பு வைத்த லிஃப்ட் மேடையைப் பயன்படுத்துவது.
3. பொறியியல் தடுப்பு: சாரத்தைச் சுற்றிக் கைப்பிடிக் கம்பி, இடைவெளி இல்லாத நடைபலகை.
4. நிர்வாக ஏற்பாடு: பயிற்சி, எச்சரிக்கைப் பலகை, வேலைக்கான பர்மிட்.
5. கடைசியாக ஹெல்மெட், பெல்ட், கையுறை.

பயிற்சி நான்காவது படி. ஆனால், நடைமுறையில் பல நிறுவனங்கள் தொடங்குவதே நான்கிலும் ஐந்திலும்தான். காரணம் எளிது. முதல் மூன்றுக்கும் பணம், திட்டமிடல், நேரம் வேண்டும். வீடியோவை ஒருமுறை வாங்கிவிட்டால் 50 பேருக்கும் போடலாம், 5,000 பேருக்கும் போடலாம்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முதல் மூன்று படிகளும் முதலாளியின் பொறுப்பு. கடைசி இரண்டில் பாரம் தொழிலாளி தலைக்கு வந்துவிடுகிறது. விபத்து நடந்த பிறகு, “நாங்க பயிற்சி குடுத்தோம், அவர்தான் பெல்ட்டை மாட்டலை” என்று சொல்ல, கைரேகை பதிந்த அந்தக் காகிதம் போதும்.

திரையில் எதைக் கற்கலாம், எதைக் கற்க முடியாது?

அதற்காக, ஆன்லைன் பயிற்சியே வீண் என்று முடிவுகட்ட வேண்டாம். நம் அனுபவ அறிவு தவறாக வழிகாட்டும் இடங்களில் அது உண்மையிலேயே உதவும்.

பாதாளச் சாக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவுக்கு அழுகிய முட்டை வாடை. அளவு கூடி 100 பிபிஎம்-ஐ நெருங்கும்போது மூக்கு மரத்துப்போய், வாடையே தெரியாது. ‘வாடை போயிடுச்சு, இறங்கலாம்’ என்று தோன்றும் நேரம்தான் மிக ஆபத்தானது. அதேபோல, காற்றில் இயல்பாக 20.9% ஆக்சிஜன் இருக்கும், 19.5%-க்குக் கீழே போனால் அது பற்றாக்குறை. இதைக் கண்ணால் பார்க்க முடியாது, மீட்டர்தான் காட்டும். உள்ளே மயங்கியவரைத் தூக்க அடுத்தவர் இறங்கி அவரும் இறப்பது நாம் திரும்பத் திரும்பப் படிக்கும் செய்தி. இதையெல்லாம் 5 நிமிட வீடியோ தெளிவாகச் சொல்லிக்கொடுத்துவிடும்.

ஆனால், இங்கேயும் ஏணியை மறக்கக் கூடாது. தகுந்த பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. இயந்திரம் செய்ய வேண்டிய வேலைக்கு மனிதனைத் தயார்படுத்துவதற்குப் பெயர் பயிற்சி அல்ல.

இப்போது திரையால் முடியாததைப் பார்ப்போம். ‘உயரத்தில் வேலை செய்யும்போது பெல்ட் மாட்டுங்கள்’ என்று வீடியோ சொல்கிறது. தேர்வில் நீங்களும் சரியாக டிக் அடிக்கிறீர்கள். சைட்டில் ஒருவர் முழு உடல் பெல்ட் மாட்டி, கொக்கியைக் காலடியில் இருக்கும் கம்பியில் போட்டிருக்கிறார். அவர் நிற்கும் தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் இடையே 3 மீட்டர். விழுந்தால் என்ன ஆகும்?

பெல்ட்டின் கயிறு சுமார் 1.8 மீட்டர். விழும் வேகத்தைத் தாங்க அதிலுள்ள அதிர்வுதாங்கிப் பட்டை பிரியும்போது இன்னொரு 1 மீட்டர் நீளும். முதுகிலுள்ள வளையத்திலிருந்து பாதம் வரை சுமார் 1.5 மீட்டர். கூடவே பாதுகாப்பு இடைவெளியாக 1 மீட்டர். கூட்டினால் 5.3 மீட்டர். கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே அவ்வளவு வெற்றிடம் வேண்டும். இருப்பதோ 3 மீட்டர். பெல்ட் மாட்டியும், கொக்கி போட்டும், அவர் தரையில்தான் மோதுவார்.

ஒருவேளை கயிறு தாங்கினாலும், தொங்கியபடியே இருந்தால் கால்களில் ரத்தம் தேங்கி சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். அவரை யார், எதை வைத்து இறக்குவது என்பதை அந்த சைட்டில் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

கொக்கியை எங்கே மாட்டுவது என்பது அந்தந்தக் கட்டடத்தில், அந்தந்த நாளில், ஒருவர் உடன் நின்று முடிவு செய்ய வேண்டிய விஷயம். நேற்று இருந்த கம்பி இன்று இருக்காது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

2006-இல் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பப்ளிக் ஹெல்த்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, 1971 முதல் 2003 வரை நடந்த 95 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பங்கேற்றவர்கள் சுமார் 21,000 பேர். வகுப்புரை, வீடியோ, துண்டுப்பிரசுரம் போன்றவற்றைவிட, தொழிலாளியே செய்து பார்க்கும் பயிற்சி, அறிவையும் திறனையும் வளர்ப்பதில் ஏறக்குறைய 3 மடங்கு பலன் தந்தது.

2012-இல் வந்த மற்றொரு தொகுப்பாய்வு இன்னும் முக்கியம். பயிற்சியால் தொழிலாளிகளின் நடத்தை மாறுகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் கிடைத்தது. காயங்களும் நோய்களும் குறைகின்றன என்பதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. கைப்பிடிக் கம்பியே இல்லாத சாரத்தில், நன்றாகப் பயிற்சி பெற்றவரும் விழத்தானே செய்வார்?

எந்த மொழியில் சொல்கிறீர்கள்?

பெங்களூரு, ஹைதராபாத், சென்னை சைட்டுகளில் பிஹார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். ‘இந்தியில் டப் செய்துவிட்டோம்’ என்றால் ஒடியாவும் வங்காளமும் பேசுபவர் என்ன செய்வார்? எழுத்தறிவு குறைந்தவருக்கு, எழுத்தில் வரும் தேர்வு எதற்கு?

தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரிக்கான தகுதிகளில், அந்தப் பகுதியின் பெரும்பான்மைத் தொழிலாளர் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதும் ஒன்று. மனிதருக்கு வைத்த அந்த விதியை நாம் வாங்கும் செயலிக்கும் வைத்துப் பார்க்கலாம். வீடியோ முடிந்ததும், “இப்ப நீங்க எனக்குச் சொல்லிக் காட்டுங்க” என்று கேட்பது 10 கேள்வித் தேர்வைவிட நம்பகமானது.

ஓஷா, நெபோஷ்... எந்தச் சான்றிதழுக்கு மதிப்பு?

வளைகுடா வேலைக்குத் தயாராகும் இன்ஜினியர்களை நோக்கி இந்த விளம்பரங்கள் வராத நாளில்லை. பணம் கட்டும் முன் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓஷா என்பது அமெரிக்கத் தொழிலாளர் துறையின் பாதுகாப்பு அமைப்பு. அதன் 10 மணி நேர, 30 மணி நேரப் பயிற்சிகள் ஆபத்துகளை அறிமுகப்படுத்துபவை. இவை தன்னார்வப் பயிற்சிகள், தொழில்முறைத் தகுதிச் சான்று அல்ல என்று ஓஷாவே சொல்கிறது. ‘ஓஷா சர்டிஃபிகேட்’ என்று விற்கப்படும்போது, கிடைப்பது அமெரிக்கத் தொழிலாளர் துறையின் அட்டையா, அந்த இன்ஸ்டிடியூட் தானே அச்சடித்த காகிதமா என்று எழுத்தில் கேளுங்கள். நெபோஷ் என்பது 1979-இல் தொடங்கிய பிரிட்டன் தேர்வு அமைப்பு. அதற்கு முறையான தேர்வு உண்டு.

இந்தியாவில் சட்டப்படியான பாதுகாப்பு அதிகாரி ஆக வேண்டுமானால் கணக்கு வேறு. பொறியியல் அல்லது அதற்கு இணையான படிப்பு, அனுபவம், அரசு அங்கீகரித்த தொழில் பாதுகாப்பு டிப்ளமோ ஆகியவை வேண்டும். டிஜிஃபாஸ்லியின் மண்டல நிறுவனம் சென்னையிலேயே இருக்கிறது. அடிப்படையைப் புரிந்துகொள்ள மட்டும் என்றால், என்பிடிஇஎல் தளத்தில் ஐஐடி காரக்பூரின் தொழில் பாதுகாப்புப் பாடத்தை இலவசமாகவே பார்க்கலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

- சைட் இன்ஜினியர் என்றால்: வீடியோ முடிந்த அன்றே, வேலை நடக்கும் இடத்தில் கொக்கியை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். பார்த்த பிறகு மட்டும் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள்.
- ஹெச்.ஆர்., கொள்முதல் துறை என்றால்: எத்தனை பேர் முடித்தார்கள் என்பதோடு, பயிற்சிக்குப் பிறகு தொழிலாளிகள் சுட்டிக்காட்டிய ஆபத்துகள் எத்தனை, சரிசெய்தவை எத்தனை என்றும் கேளுங்கள். ஒன்றுகூட வரவில்லை என்றால் பயிற்சி காதில் விழவில்லை, அல்லது சொல்லப் பயப்படுகிறார்கள்.
- அலுவலக ஊழியர் என்றால்: அடுத்த முறை லிஃப்டை விட்டுவிட்டு, உங்கள் மாடியிலிருந்து அவசரப் படிக்கட்டு வழியே கீழே வரை இறங்கிப் பாருங்கள். கதவு பூட்டியிருக்கிறதா, வழியில் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறதா என்பது எந்த வீடியோவிலும் வராது.
- வீடு கட்டுபவர் என்றால்: உங்கள் வேலை சட்ட வரம்புக்கு வெளியே இருக்கலாம். சாரத்துக்குக் கைப்பிடிக் கம்பி, திறந்த குழிக்கு மூடி, மின்கசிவைத் துண்டிக்கும் கருவி ஆகிய மூன்றுக்கும் ஆகும் செலவை மேஸ்திரியிடம் முதல் நாளே பேசி, ஒப்பந்தத் தொகையில் சேர்த்துவிடுங்கள். “அதெல்லாம் எதுக்கு சார், நாங்க பாத்துக்கிறோம்” என்பார். அப்போதும் விடாதீர்கள்.