மேசைமேல் ஒரு சாகசம்



கடந்த மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, கல்லூரியில் பயிலும் என் பெயர்த்தி ஒரு வெள்ளைத் தாளை என் முன் வைத்து, "தாத்தா, நாளை மாலை ஆறு மணிக்குள் இந்த ஒரு பக்கத்தில் ஒரு சாகசம் எழுதி அனுப்ப வேண்டும். நீங்களும் உதவுங்கள்" என்றாள். சிறுகதை எழுதத்தான் அழைக்கிறாள் என்று எண்ணினேன். அவள் கேட்டது கதையன்று. நால்வர் மேசையைச் சுற்றி அமர்ந்து இரண்டு மணி நேரம் ஆடுவதற்குரிய பாத்திர ஆட்டம்.

பாத்திர ஆட்டம் என்பது நாடகத்திற்கும் தாயத்திற்கும் இடைப்பட்ட ஒன்று. ஒருவர் சூத்திரதாரியாக இருந்து இடத்தையும் நிலைமையையும் வருணிப்பார். மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, "நான் இன்னது செய்கிறேன்" என்று சொல்வர். அது கைகூடுமா என்பது ஐயத்திற்குரியதானால் பகடை உருட்டித் தீர்மானிப்பர். மேடையும் இல்லை, மனப்பாடம் செய்த வசனமும் இல்லை.

இதன் பிறப்பு போர்க்களத்தைச் சார்ந்தது. 1824-ல் பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் என்பார், நடுவர் ஒருவரை வைத்து ஆடும் போர்ப் பயிற்சி ஆட்டமொன்றை வெளியிட்டார். 1969-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர், ஆடுவோருக்குப் படைகளை மட்டும் கொடாமல் ஓர் ஊரின் தனி மனிதர்களையும் கொடுத்துப் பார்த்தார். அவ்வழியில் வந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் 1974-ல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டனர்.

'கேம் ஜாம்' என்ற பெயரில் உள்ள ஜாம், ரொட்டியில் தடவுவது அன்று. ஜாஸ் இசைக் கலைஞர் ஒத்திகையின்றிக் கூடி வாசிப்பதை 'ஜாம்' என்பர். அதைப் போலக் குறித்த காலத்திற்குள் ஆட்டம் படைப்போர் கூடுவதற்கும் அப்பெயர் வந்தது. 2002-ல் கலிபோர்னியாவில் கணினி ஆட்டம் படைப்போர் சிலர் இப்பெயரில் கூடினர். 2009-ல் தொடங்கிய உலகளாவிய ஜாமில் அப்போது 48 மணி நேரமே வரம்பாக இருந்தது. அதே 2009-ல், ஒரே பக்கத்தில் ஒரு முழுச் சாகசத்தை அமைக்கும் போட்டியும் தொடங்கிற்று. என் பெயர்த்தி சேர்ந்திருந்த ஜாமிலும் 48 மணி நேரம், ஒரு பக்கம், 'நீர்' என்ற பொருள் என்பனவே விதிகள்.

நீர் என்றதும் எனக்கு எங்கள் ஊர் ஏரி நினைவுக்கு வந்தது. அடைமழை இரவு. ஏரி நிரம்பிவிட்டது. மிகுநீர் வழிந்தோடும் கலங்கலின்மேல் யாரோ மணல் மூட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள். மதகைத் திறக்கும் திருகுக் கைப்பிடியைக் காணோம், நீர்க்கட்டியையும் காணோம். விடிவதற்குள் கரை உடையலாம். நல்ல தொடக்கம் என்று பெயர்த்தி மகிழ்ந்தாள். பிறகுதான் நான் தவறு செய்தேன்.

பகல் முழுவதும் அமர்ந்து ஐந்து பக்கம் எழுதினேன். ஒன்பது காட்சிகள், ஒவ்வொன்றிலும் ஆடுவோர் செய்ய வேண்டியது யாது, அதன்பின் நடப்பது யாது என்பதெல்லாம் வரிசையாக. இரவு பெயர்த்தியின் தோழியர் மூவர் வந்தனர். நானே சூத்திரதாரி. இரண்டாம் காட்சியிலேயே ஒரு பெண், "ஐயா, நான் நீர்க்கட்டியின் மனைவியிடம் போய்ப் பேசுகிறேன்" என்றாள். "அது கதையில் இல்லையம்மா" என்று விடையளித்தேன். அவள் தலையசைத்தாள். அதன்பின் அந்தப் பெண் தானாக ஒன்றும் கேட்கவில்லை. உருட்டச் சொன்னபோது உருட்டினாள். அந்த மௌனத்தை நான் வகுப்பறையில் பல ஆண்டுகள் கண்டிருக்கிறேன். அதை ஒழுக்கம் என்று கருதி மகிழ்ந்தும் இருக்கிறேன். ஆசிரியப் பயிற்சியின்போது பாடக்குறிப்பில் 'வினா' என்று ஒரு பத்தியும், அதற்கு எதிரே 'எதிர்பார்க்கும் விடை' என்று மற்றொரு பத்தியும் கோடிட்டு எழுதப் பழகியவன் நான். இந்த ஐந்து பக்கத்திலும் அதே இரண்டாம் பத்தியைத்தான் எழுதி வைத்திருந்தேன்.

ஞாயிறு காலை அவ்வளவையும் அடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம். இம்முறை நிகழ்ச்சிகளை எழுதவில்லை; மனிதரையும் அவர்தம் விருப்பங்களையும் எழுதினோம். ஏரிக்குக் கீழே பாசனம் பெறும் உழவர், நீர் கூடுதலாக நின்றால் அடுத்த போகத்திற்கு ஆகும் என்று மூட்டை அடுக்கினர். மேற்புறம், நீர்ப்பிடிப்பை ஒட்டி நிலம் உடையோர், தம் பயிர் மூழ்குவதால் நீரை வெளியேற்றத் துடிக்கின்றனர். இரு சாராருக்கும் நியாயம் உண்டு. நீர்க்கட்டியோ இருவருக்கும் அஞ்சிக் கைப்பிடியுடன் ஒளிந்திருக்கிறார். இவ்வளவு தெரிந்தால், ஆடுவோர் எங்கே சென்றாலும் சூத்திரதாரி தடுமாறாமல் விடை சொல்லலாம். ஒரு பக்கத்தில் ஒன்பது காட்சிகள் அடங்கா. மூன்று தரப்பின் விருப்பங்கள் தாராளமாக அடங்கும்.

அடுத்தது துப்பு. என் முதற்படியில் நீர்க்கட்டி இருக்கும் இடம் தெரிய ஒரே ஒரு வழிதான்: அவர் குடிசையில் தேட வேண்டும், பகடையில் 4, 5, 6 விழுந்தால் துப்புக் கிடைக்கும். அதாவது பாதிக்குப் பாதி ஆட்டங்கள் அங்கேயே நின்றுவிடும். துப்பை மூன்று இடங்களில் வைத்தால், ஒவ்வொன்றும் பாதி வாய்ப்பே ஆயினும், மூன்றும் தவறுவதற்கு 8-ல் 1 பங்கே இடமுண்டு. ஏதேனும் ஒன்றாவது கிடைக்க 8-ல் 7 பங்கு. இதற்கு எதிரான கணக்கும் உண்டு. தொடர்ந்து மூன்று உருட்டலும் வென்றால்தான் வெற்றி என்று வைத்தோமானால், ஒவ்வொன்றிலும் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு இருந்தும், மொத்தத்தில் 27-ல் 8 பங்கே மிஞ்சும். மாணவர்கள் தாளில் போட்டுப் பாருங்கள்.

காலம் நெருங்குவதை ஆடுவோர் உணர வேண்டும். தாளின் ஓரத்தில் ஆறு கட்டங்கள் வரைந்தோம். இருபது நிமிடத்திற்கு ஒரு கட்டம் நிரப்பப்படும். ஒவ்வொன்றிலும் நீர் ஒரு படி ஏறும். ஆறாவது நிரம்பினால் கரை உடையும். முடிவு என்று வேறொன்றும் எழுதவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட என் கை கூசியது உண்மை.

எழுதியவரே நடத்திப் பார்த்தால் தாளில் உள்ள குறை தெரியாது. விட்டதையெல்லாம் வாயால் சொல்லி நிரப்பிவிடுவார். ஆகவே பிற்பகல் இரண்டு மணிக்குப் பெயர்த்தி, முதல் நாள் வராத ஒரு தோழனிடம் தாளைக் கொடுத்து, "நீ நடத்து, நாங்கள் வாய் திறக்க மாட்டோம்" என்றாள். 'கலங்கல்' என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டுமெனக் குறித்துக்கொண்டோம். முதல் நாள் மௌனமான பெண்ணும் வந்திருந்தாள். நான்காம் கட்டம் நிரம்பியபோது, கைப்பிடியைத் தேடுவதை அவள் அடியோடு விட்டுவிட்டாள். கோயில் மணியை அடித்து இரண்டு சாராரையும் கரைக்கு வரவழைத்து, "மூட்டைகளை யார் எடுப்பது என்று என் முன்னால் பேசுங்கள்" என்றாள். எங்கள் தாளில் கோயிலும் இல்லை, மணியும் இல்லை.

தோழன் ஒரு கணம் தாளைப் பார்த்தான். பின் என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "மேலூர்ப் பெரியவர் முதலில் பேசுகிறார்" என்று தொடங்கினான். ஐந்தரை மணிக்குக் கலங்கல் பற்றிய அந்த ஒரு வரியைச் சேர்த்து, பெயர்த்தி தாளை அனுப்பி வைத்தாள்.