இதய அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்த பால் பல்

அவளுக்கு ஆறு வயது. பிறவி இதயக் குறைபாடு. சற்று வேகமாக ஓடினாலே உதடுகள் நீலம் பாரித்துவிடும். காப்பீட்டுத் திட்டத்தின் ஒப்புதல் கிடைத்து, அறுவை சிகிச்சைக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அதற்கு நான்கு நாள்களுக்கு முன்பு, ‘வாயில் தொற்று இல்லை’ என்கிற சான்று பெறுவதற்காகக் குழந்தைகள் பல் மருத்துவரான என்னிடம் அனுப்பப்பட்டாள். கீழ்த்தாடையின் இரண்டு கடைவாய்ப் பற்களில் வேர்வரை சொத்தை, ஈறில் சீழ்க்கட்டி. என்னால் சான்று தர இயலவில்லை. அறுவை சிகிச்சை தள்ளிப்போனது.

“பால் பல்தானே டாக்டர், எப்படியும் விழுந்து முளைக்கும்னு விட்டுட்டோம்” என்றார் தாய். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனை வாசலில் காத்திருந்தவர் அவர். ஒவ்வொரு முறையும் எடை பார்த்தார்கள், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்த்தார்கள், எக்கோ எடுத்தார்கள். ஆறு ஆண்டுகளில் ஒருவரும் அவளது வாயைத் திறந்து பார்க்கவில்லை. குற்றம் தாயுடையது அல்ல. வாயை உடலின் ஒரு பகுதியாகக் கருத மறந்த நம் மருத்துவ ஏற்பாட்டுடையது.

பால் பற்கள் ஏன் முக்கியம்?

குழந்தைக்கு ஏறக்குறைய 6 மாதத்தில் முதல் பல் முளைக்கிறது. மூன்று வயதுக்குள் 20 பால் பற்களும் வந்துவிடுகின்றன. முன்பற்கள் ஆறேழு வயதில் விழத் தொடங்கினாலும், பின்னாலுள்ள கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயதுவரை இருந்தாக வேண்டியவை. மெல்லுவதற்கும் தெளிவாகப் பேசுவதற்கும் அவை தேவை. பின்னால் வரும் நிரந்தரப் பற்களுக்கு இடத்தைக் காத்துவைப்பவையும் அவையே.

பால் பல்லின் எனாமல், நிரந்தரப் பல்லினுடையதைவிட மெல்லியது. வாயிலுள்ள பாக்டீரியா சர்க்கரையை அமிலமாக மாற்ற, அமிலம் எனாமலைக் கரைக்கிறது. உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்துப் பல்லைச் சீர்செய்ய முயல்கிறது. ஆகவே, எவ்வளவு இனிப்பு என்பதைவிட, ஒரு நாளில் எத்தனை முறை இனிப்பு என்பதே பல்லின் விதியைத் தீர்மானிக்கிறது. உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறையும். இரவில் பால் புட்டியோடு உறங்கும் குழந்தையின் மேல்வரிசை முன்பற்கள் முதலில் சொத்தையாவது இதனால்தான்.

உலகில் 51 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பால் பல் சொத்தை இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிடுகிறது. நலமாக உள்ள குழந்தைக்கு அது வலி, உறக்கமின்மை, பள்ளிக்கு விடுப்பு. ஏற்கெனவே நோயுற்ற குழந்தைக்கோ அது உயிர்ப் பிரச்சினை.

வாயிலிருந்து ரத்தத்துக்கு

ஈறு வீங்கியிருக்கும்போது மெல்லுவதும் பல் துலக்குவதும்கூடச் சிறிதளவு பாக்டீரியாவை ரத்தத்தில் கலக்கச் செய்யும். நலமான உடல் அவற்றைச் சில நிமிடங்களில் அழித்துவிடும். குறைபாடுள்ள இதயத்திலோ, செயற்கை வால்விலோ அவை ஒட்டிக்கொண்டு பெருகினால், இதயத்தின் உட்சுவரில் உயிரைப் பறிக்கக்கூடிய தொற்றாக மாறும்.

பல் பிடுங்குவதற்கு முன்பு ஒரு வேளை ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்க இதயச் சங்கம் 2007இல் இந்த நடைமுறையை, ஆபத்து மிகுந்த சில வகை இதய நோயாளிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. எப்போதோ ஒருமுறை நடக்கும் பல் சிகிச்சையைவிட, அன்றாடம் அழுக்கடைந்த வாயிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமிகளே கூடுதல் ஆபத்து என்பது அதன் வாதம். தினமும் சுத்தமாக இருக்கும் வாய்க்கு எந்த மாத்திரையும் மாற்றல்ல.

ரத்தப் புற்றுநோயுள்ள குழந்தைக்கு வேதிச் சிகிச்சையால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில், ஒரு பல்லின் சீழ் உடல் முழுவதும் பரவக்கூடும். ஹீமோஃபிலியா உள்ள குழந்தைக்கு, ரத்தம் உறையச் செய்யும் காரணியை முன்கூட்டியே செலுத்தாமல் ஒரு பல்லைப் பிடுங்கினால் ரத்தக்கசிவு நாள்கணக்கில் நீளலாம். வலிப்பு நோய்க்குத் தரப்படும் ஃபெனிடாயின் மருந்து, ஈறைப் பல்லின் மேல் வளரச் செய்யும். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்குப் பற்கள் தாமதமாக முளைப்பதும் ஈறு நோய் இளமையிலேயே வருவதும் வழக்கம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையால் பிரஷ்ஷைப் பிடிக்க இயலாது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பற்பசையின் நுரையே பொறுக்கமுடியாத தொல்லையாக இருக்கலாம்.

இவற்றோடு மருந்தும் சேர்ந்துகொள்கிறது. குழந்தைகளுக்கான மருந்துகளில் பல, இனிப்பான சிரப் வடிவில் வருகின்றன. பெரும்பாலும் உறங்கும் முன்பு கொடுக்கப்படுகின்றன. எடை கூடுவதற்காகச் சத்துமாவும் சர்க்கரைப் பாலும் அடிக்கடி. ஊசிக்கு அழுத குழந்தைக்கு, மனம் பொறுக்காமல் ஒரு மிட்டாய். அன்பு செய்வதெல்லாம் பல்லுக்குத் தீங்காக முடிகிறது.

கதவுகள் மூடும்போது

அந்தச் சிறுமிக்கு முந்தைய ஆண்டே பல் வலி வந்திருந்தது. தாய் மூன்று மருத்துவகங்களுக்கு அழைத்துப் போயிருக்கிறார். இதய நோய் என்றதும் மூவருமே “பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று சொல்லிவிட்டார்கள். அவர்களை எளிதில் பழிக்க என்னால் முடியவில்லை. பயிற்சி முடித்த புதிதில், வலிப்பு நோயுள்ள ஒரு சிறுவனை நானும் அப்படித்தான் திருப்பி அனுப்பினேன். பொறுப்புணர்வு என்று அதற்குப் பெயர் சூட்டிக்கொண்டேன்; உண்மையில் அது அச்சம். அவனுடைய நரம்பியல் மருத்துவரிடம் ஐந்து நிமிடம் தொலைபேசியில் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி மருத்துவமனைகளில் தடையற்ற அணுகலையும் சிகிச்சையில் முன்னுரிமையையும் வலியுறுத்துகிறது. 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் பல் நோய்களும் இருக்கின்றன. சட்டமும் திட்டமும் உள்ளன. இடையில் அறுந்து கிடப்பது மருத்துவர்களுக்கிடையேயான பேச்சு.

செய்யக்கூடியவை

பெற்றோர் செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. முதல் பல் தெரிந்ததும் துலக்கத் தொடங்கலாம். ஃபுளூரைடு பற்பசை, மூன்று வயதுவரை ஓர் அரிசி அளவு. அதன் பிறகு ஒரு பட்டாணி அளவு. குழந்தை விழுங்கிவிடும் என்பதால்தான் இந்த அளவு. தருமபுரி போல நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்த பகுதிகளில் வாழ்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஏழெட்டு வயதுவரை துலக்கிவிடுவது பெரியவர்களின் வேலை. சிரப் கொடுத்த பின்பு வாயைக் கொப்பளிக்கச் செய்யலாம். இயலாத குழந்தைக்கு ஈரத்துணியால் துடைத்துவிடலாம். சர்க்கரையில்லா மருந்து உண்டா என மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

சொத்தை வந்துவிட்டாலும் எல்லாக் குழந்தைக்கும் ஊசியும் துளைப்பானும் தேவைப்படுவதில்லை. சில்வர் டையமைன் ஃபுளூரைடு என்னும் திரவத்தைத் தடவினால் பல சொத்தைகள் மேலும் பரவாமல் நிற்கும். அந்த இடம் கறுத்துப்போகும் என்பது மட்டுமே குறை. மலிவான இந்த மருந்தை உலக சுகாதார நிறுவனம் 2021இல் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. நாற்காலியில் அசையாமல் உட்கார முடியாத குழந்தைக்கு இது பெரும் வரம்.

அரசும் மருத்துவமனைகளும் செய்யவேண்டியது ஒன்றே. இதயக் குறைபாடு, புற்றுநோய், ரத்தக்கசிவு நோய், வளர்ச்சிக் குறைபாடு என எது கண்டறியப்பட்டாலும், அந்த வாரத்திலேயே குழந்தையின் வாயும் பரிசோதிக்கப்பட வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முந்தைய இறுதிச் சான்றாக இருக்கும் பல் பரிசோதனை, நோய்க்குறிப்பேட்டின் முதல் பக்கத்துக்கு வரவேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ கருவியோ தேவையில்லை. ஒரு டார்ச் விளக்கும் ஒரு பரிந்துரைச் சீட்டும் போதும்.

அந்தச் சிறுமிக்கு இதய மருத்துவர், மயக்க மருந்து நிபுணர் ஆகியோரின் மேற்பார்வையில் இரண்டு பற்களையும் அகற்றினேன். ஆறு வாரங்களுக்குப் பிறகு இதய அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அந்த ஆறு வாரங்களில் ஒவ்வோர் இரவும் மகளின் மூச்சைக் கவனித்தபடி தாய் விழித்திருந்தார். அந்த இரவுகள் அவருக்கு நேர்ந்திருக்கவே தேவையில்லை.