பாதியில் நின்ற வீராங்கனையும் நாம் எழுதும் தீர்ப்பும்

2004 ஆகஸ்ட் 22, மாலை 6 மணி. மாரத்தான் என்ற கிரேக்க ஊரிலிருந்து ஏதென்ஸ் நோக்கிப் பெண்களுக்கான ஒலிம்பிக் ஓட்டம் புறப்பட்டது. வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தது. எல்லோர் கண்ணும் பிரிட்டனின் பாலா ராட்கிளிஃப் மேல். முந்தைய ஆண்டு லண்டனில் 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தவர் அவர். சுமார் 36-வது கிலோமீட்டரில், நான்காம் இடத்துக்குச் சரிந்திருந்த நிலையில், நின்றுவிட்டார். மறுபடி ஓடிப் பார்த்தார், முடியவில்லை. சாலையோரம் உட்கார்ந்து அழுதார். ஜப்பானின் மிசுகி நோகுச்சி தங்கம் வென்றார்.

மறுநாள் பிரிட்டன் முழுக்கப் பட்டிமன்றம்தான். வெயில் அடித்துப் போட்டுவிட்டது என்றது ஒரு கட்சி. பதக்கம் கைநழுவியது தெரிந்ததும் மனம் விட்டுவிட்டார் என்றது இன்னொரு கட்சி. ஐந்து நாள் கழித்து 10,000 மீட்டர் ஓட்டத்திலும் எட்டுச் சுற்றுகள் மிச்சமிருக்க அவர் விலகியபோது, இரண்டாவது கட்சியின் குரல் ஓங்கியது.

பின்னர் ராட்கிளிஃப் தந்த விளக்கம் இரு கட்சியும் யோசிக்காதது. போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு அவருக்குக் காலில் அடிபட்டிருந்தது. அதற்காக வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரைகளைக் கூடுதலாக எடுத்துக்கொண்டார். அவை வயிற்றைக் கெடுத்தன. உண்ட உணவு உடலில் சேரவில்லை. அன்று மாலை அவர் புறப்பட்டதே குறைந்த ஆற்றல் சேமிப்போடுதான்.

இந்த விளக்கம் உடலியலோடு நன்றாகப் பொருந்துகிறது. உடல் மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவில் தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கிறது. நன்கு பயிற்சி பெற்றவரிடமும் அது ஏறத்தாழ 2,000 கிலோகலோரி அளவுதான். ஓட்டத்துக்கு ஆகும் செலவோ, ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோகலோரி. 55 கிலோ எடையுள்ளவர் 42 கிலோமீட்டர் ஓட 2,300 கிலோகலோரி வேண்டும். கொழுப்பு கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் அதை எரிக்க ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படுவதால் உச்ச வேகத்தில் அதை மட்டும் நம்ப முடியாது. அதனால்தான் வழியில் இனிப்புப் பானங்களைக் குடிக்கிறார்கள்.

குடித்ததெல்லாம் ரத்தத்தில் சேர்ந்துவிடுவதில்லை. குடலின் சுவர் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 60 கிராம் குளுக்கோஸைத்தான் உள்ளே விடும். ஃபிரக்டோஸ் வேறு வழியாக நுழைவதால், இரண்டையும் கலந்து கொடுத்தால் 90 கிராம் வரை போகலாம். இது குடல் நலமாக இருக்கும்போது. கடும் ஓட்டத்தில் ரத்தம் தசைக்கும் தோலுக்கும் திருப்பிவிடப்படுகிறது. குடலுக்குப் போகும் ரத்தம் வெகுவாகக் குறைகிறது. வீக்கம் குறைக்கும் மாத்திரைகளோ, குடலின் உட்சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுக்கின்றன. இரண்டும் சேர்ந்தால், சந்தையில் சரக்கு குவிந்திருந்தும் ஊருக்குள் வரும் பாலம் உடைந்துபோன நிலைதான். தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு இதில் எதுவும் தெரியாது. தெரிவது தளர்ந்த நடையும் வாடிய முகமும்தான்.

வெயில் என்ற கட்சியையும் தள்ளிவிட முடியாது. தசை எரிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் அசைவாக மாறுகிறது. மற்றதெல்லாம் வெப்பம். அதை வெளியேற்ற வியர்வை ஆவியாக வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் ஆவியாகாது. 2019-ல் கத்தாரின் தோஹாவில் உலக சாம்பியன்ஷிப் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் நடத்தினார்கள். அப்போதும் வெப்பநிலை 30 டிகிரிக்கு மேல், ஈரப்பதமும் மிக அதிகம். புறப்பட்ட 68 பேரில் 28 பேர் பாதியில் விலகினார்கள். ஒரே இரவில் 28 பேருக்கும் மன உறுதி போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை. கூட்டமாக விலகினால் வானிலையைக் குறை சொல்கிறோம். ஒருவர் மட்டும் விலகினால் அவருடைய குணத்தைக் குறை சொல்கிறோம்.

நிற்பது என்ற முடிவை எடுப்பது யார்? 1999-ல் வெளியான டென்மார்க் சோதனை ஒன்று இதற்குப் பாதி விடை தருகிறது. பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்கள் சிலரை முதலில் தண்ணீரில் அமர்த்தி, சிலமுறை உடலைக் குளிர்வித்தும் சிலமுறை சூடாக்கியும், பிறகு வெப்பமான அறையில் முடிந்தவரை மிதிக்கச் சொன்னார்கள். குளிர்ந்த உடலோடு தொடங்கியபோது சராசரியாக 63 நிமிடம் தாங்கினார்கள். சூடான உடலோடு தொடங்கியபோது 28 நிமிடம்தான். ஆனால் எப்படித் தொடங்கினாலும், ‘இனி முடியாது’ என்று அவர்கள் நின்றபோது உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 40.1 அல்லது 40.2 டிகிரியாக இருந்தது. உடலுக்குள் ஏதோ ஒரு கோடு போட்டு வைத்ததுபோல.

அந்தக் கோட்டைப் போடுவது மூளை என்கிறார் தென்னாப்பிரிக்க விஞ்ஞானி டிம் நோக்ஸ். இதயமும் தசையும் சேதமடையும் முன்பே, வெப்பம், எரிபொருள், மிச்சமுள்ள தூரம் எல்லாவற்றையும் கணக்கிட்டு மூளை வேகத்தைக் குறைக்கிறது. சோர்வு என்பது அந்தக் கணக்கின் அறிவிப்பு என்பது அவர் கருத்து. இத்தாலிய ஆய்வாளர் சாமுவேலே மார்கோரா இதை ஏற்கவில்லை. மறைவான கட்டுப்பாட்டு அறை எதுவும் வேண்டாம். ‘எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது’ என்ற உணர்வையும் ‘இதற்கு எவ்வளவு கொடுக்கத் தயார்’ என்ற மனக்கணக்கையும் ஒப்பிட்டு ஓடுபவரே முடிவெடுக்கிறார் என்கிறார் அவர். சர்ச்சை ஓயவில்லை. ஆனால் எந்தப் பக்கம் நின்றாலும், உடலா மனமா என்று நாம் பிரித்துப் போடும் வழக்கு செல்லாது. காலியான கிளைகோஜனும் ஏறிய வெப்பமும் மூளைக்கு வந்து சேரும்போது மனத்தளர்ச்சியாகத்தான் தெரியும்.

தொழில்முறைக் கணக்கும் இருக்கிறது. முன்னணி மாரத்தான் வீரர் பொதுவாக ஆண்டுக்கு இரண்டு மாரத்தான்கள்தான் ஓடுகிறார். கடைசி 10 கிலோமீட்டர் தசைகளைக் கிழித்துவிட்டால் தேறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். வெற்றி போய்விட்டது என்று 30-வது கிலோமீட்டரில் தெரிந்தால் அடுத்த பந்தயத்துக்காக நிற்பது நியாயமான கணக்கே. பெரிய நகரங்களின் பந்தயங்களில் மற்றவர்களுக்கு வேகம் பிடித்துக் கொடுக்கவே கூலிக்கு ஓடுபவர்களும் உண்டு. அவர்கள் 25 அல்லது 30 கிலோமீட்டரில் ஒதுங்குவார்கள்; அதுதான் ஒப்பந்தம். 1994-ல் லாஸ் ஏஞ்சலிஸ் மாரத்தானில் அப்படி ஓடிய பால் பில்கிங்டன் ஒதுங்காமல் கடைசிவரை ஓடி முதல் பரிசையே வாங்கிவிட்டார். அங்கே கேள்வியே தலைகீழ்: ‘ஏன் நிற்கவில்லை?’

நாம் ஏன் குணத்தை நோக்கியே ஓடுகிறோம் என்பதற்கும் ஆய்வு உண்டு. 1967-ல் அமெரிக்க உளவியலாளர்கள் எட்வர்ட் ஜோன்ஸும் விக்டர் ஹாரிஸும் மாணவர்களுக்குக் கட்டுரைகளைக் கொடுத்தார்கள். சில ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தன, சில எதிர்த்தன. எந்தப் பக்கம் எழுதுவது என்பதை எழுதியவர் தேர்ந்தெடுக்கவில்லை, சொன்னதைத்தான் எழுதினார் என்று வெளிப்படையாக அறிவித்த பிறகும், படித்தவர்கள் அது அவருடைய சொந்தக் கருத்தே என்ற பக்கம் சாய்ந்தார்கள். சூழலைக் குறைத்து மதிப்பிட்டு ஆளின் குணத்தைக் கூட்டி மதிப்பிடும் இந்தச் சாய்வை, பத்தாண்டு கழித்து லீ ராஸ் என்ற உளவியலாளர் அடிப்படைப் பிழை என்றே அழைத்தார். ஓட்டப்பந்தயம் இதற்குத் தோதான களம். ஓடுபவரின் முகம் மணிக்கணக்காக நம் முன் இருக்கிறது, அவருடைய குடல் கண்ணுக்குத் தெரியாது.

குணம்தான் காரணம் என்றால் அது சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று. அப்படிப்பட்ட குணம் அடுத்த போட்டியிலும் தலைகாட்ட வேண்டும். ராட்கிளிஃப் அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாரத்தானில் கடைசிவரை போராடி, சில விநாடி வித்தியாசத்தில் வென்றார். அடுத்த ஆண்டு ஹெல்சிங்கியில் உலக சாம்பியன் ஆனார். கருதுகோள் அங்கேயே விழுந்துவிட்டது. 2024 ஆகஸ்ட் 10 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் 30-வது கிலோமீட்டரைக் கடந்து கென்யாவின் எலியுட் கிப்சோகே விலகியபோதும் ஊகங்களுக்குப் பஞ்சமில்லை: 39 வயது, மேடு மிகுந்த பாதை, தீர்ந்துபோன வெற்றிப் பசி. அவர் சொன்னது முதுகு வலி. இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்றவருக்கும் முதுகு ஒன்றுதான்.

நிற்காதவர்களின் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1954-ல் வான்கூவர் காமன்வெல்த் போட்டியின் மாரத்தானில் இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ் 17 நிமிட முன்னிலையோடு அரங்கத்துக்குள் வந்து, விழுந்து எழுந்து விழுந்து, எல்லையைத் தொடாமலே தூக்கிச் செல்லப்பட்டார். பிறகு மாரத்தான் ஓடவேயில்லை. 2018-ல் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டில் நடந்த காமன்வெல்த் மாரத்தானில் ஸ்காட்லாந்தின் கேலம் ஹாக்கின்ஸ் சுமார் இரண்டு கிலோமீட்டர் மிச்சமிருக்கையில், முன்னிலையில் இருந்தபடியே சரிந்தார். உள்வெப்பம் எல்லை மீறினால் முதலில் தடுமாறுவது மூளையின் கணிப்பே. நின்றுவிடலாம் என்று தோன்ற வேண்டிய நேரத்தில் அது தோன்றாமலே போகும். அதைத்தான் நாம் வீரம் என்று கைதட்டுகிறோம்.

ஒருவர் பாதியில் நின்றால் அன்றிரவே காரணம் தெரிந்துவிடாது. மருத்துவரின் அறிக்கையும், என்ன உண்டார், என்ன மருந்து எடுத்தார் என்ற கணக்கும், அடுத்த சில மாதப் போட்டிகளும் வர வேண்டும். அதுவரை படத்திலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அவருடைய உடலில் தடுப்பு வேலை செய்தது. அது வேலை செய்ததால்தான் அவர் அடுத்த பந்தயத்துக்கு வர முடிகிறது.