மலைப்பாம்பை வளர்க்கலாமா?

போன தை மாசம் எங்க கரும்பு வெட்டு. கடைசி நாலு பாத்தி பாக்கி இருக்கும்போது ஆட்கள் கத்தியைக் கீழே போட்டுவிட்டு வரப்புக்கு ஓடி வந்தார்கள். சோகைக்குள்ளே நாலடி நீளத்தில் ஒரு பாம்பு. ஒருத்தர் கண்ணாடி விரியன் என்றார். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்திருந்தவர், "இல்ல சார், கொண்டசிலுவ" என்றார். எங்களிடம் வேலைக்கு வரும் இருளர் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "மலைப்பாம்புக் குட்டிதான் ஐயா" என்று முடித்து வைத்தார்.

இந்தக் குழப்பம் சாதாரணமில்லை. கண்ணாடி விரியனுக்கு முதுகில் ஒரே அளவான முட்டை வடிவப் புள்ளிகள் சங்கிலி போல வரிசையாக இருக்கும். மலைப்பாம்புக்கு ஒழுங்கில்லாத பெரிய திட்டுகள், தலையில் ஈட்டி முனை போன்ற குறி. மலைப்பாம்புக்கு விஷம் இல்லை, விரியன் கடித்தால் உயிருக்கே ஆபத்து. சந்தேகம் இருந்தால் விரியன் என்றே நினைத்து விலகி நில்லுங்கள்.

அன்று எனக்கு ஒரு ஆசை வந்ததை மறைக்காமல் சொல்கிறேன். பெருச்சாளி கரும்பைக் கடித்துப் போட்டது, எலி வேர்க்கடலையைத் தோண்டித் தின்றது என்று அந்த வருஷம் நல்ல நஷ்டம். இந்தக் குட்டியைக் களஞ்சிய அறையில் விட்டு வளர்த்தால் என்ன? பேரனிடம் போனில் சொன்னேன். "சூப்பர் தாத்தா, வச்சுக்கலாம். பெங்களூர்ல என் ஃபிரெண்டு பால் பைதான் வளர்க்கிறான்" என்று குதித்தான்.

பெரியவர் மட்டும் சிரித்தார். "வெளிய கீறப்ப அதுவே எலியைத் தேடிக்கும். ரூம்ல அடைச்சா நீங்கதான ஐயா தினம் எலி புடிச்சிப் போடணும்?"

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கடன் மனு பார்த்தவன் நான். அவர் கேட்டது எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாகிவிட்டது. அன்று ராத்திரி உட்கார்ந்து, கடன் மனுவைப் பரிசீலிப்பது போல ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

எத்தனை வருஷத்துப் பொறுப்பு?

நம்ம ஊர் மலைப்பாம்பு பத்தடி வரை சாதாரணமாக வளரும். அடைத்து வைத்தால் 20 வருஷத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். எனக்கு இப்போது 67 வயது. எனக்கப்புறம் அதை யார் பார்ப்பார்கள்? பிள்ளைகளைக் கேட்காமல் அவர்கள் தலையில் கட்டும் கடன் அது. பெரிதாக ஆக, எலி போய்க் கோழி, முயல் என்று தீனி ஏறும். எட்டடிக்கு மேல் போன பாம்பைத் தனி ஆளாகத் தூக்கக் கூடாது. கையில் கோழி வாசனை இருந்தால் கையையே இரை என்று பிடித்துவிடும். பற்கள் உள்நோக்கி வளைந்தவை, இழுத்தால் சதை கிழியும்.

மூடி சரியில்லை என்றால்?

2009-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், சரியாக மூடாத தொட்டியிலிருந்து வெளியே வந்த வளர்ப்பு பர்மிய மலைப்பாம்பு இரண்டு வயதுப் பெண் குழந்தையை நெரித்துக் கொன்றது. அதன் நீளம் எட்டரை அடிதான், சரியாக இரை போடாமல் வைத்திருந்தார்கள். பொறுப்பானவர்களுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. 2013-ல் கனடாவில், செல்லப்பிராணிக் கடைக்கு மேல்மாடி வீட்டில் அடைத்து வைத்திருந்த ஆப்பிரிக்க மலைப்பாம்பு காற்றுக் குழாய் வழியாகத் தப்பி வந்து, தூங்கிக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்களைக் கொன்றது. பாம்பு அதன் இயல்பில் இருந்தது. பூட்ட வேண்டியவர்கள் பூட்டவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் நம் மலைப்பாம்பு முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியைப் போல. பிடிப்பது, அடைத்து வைப்பது, அடித்துக் கொல்வது எல்லாமே குற்றம். மூன்று முதல் ஏழு வருஷம் சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். "என் நிலத்தில் கிடைத்தது" என்ற பேச்சு செல்லாது.

பேரனின் நண்பன் வைத்திருப்பது ஆப்பிரிக்க வகை. ஐந்தடிக்கு மேல் அபூர்வமாகத்தான் போகும். ஆனால் அதற்கும் கணக்கு உண்டு. 2022-ல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. இப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பவர்கள் அரசின் 'பரிவேஷ்' தளத்தில் பதிய வேண்டும். குட்டி போட்டாலும், செத்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். விற்பனைக்கு வருவதில் கடத்தல் சரக்கும் இருக்கிறது. 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் 45 பால் பைதான்கள் பிடிபட்டன. காகிதம் இல்லாத சொத்தை அடமானம் வாங்கக் கூடாது என்பது வங்கிப் பாலபாடம். பாம்புக்கும் அதேதான்.

சலித்துப்போய் வெளியே விட்டால்?

விவசாயிகள் நன்றாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. ஃபுளோரிடாவில் பர்மிய மலைப்பாம்பை ஆசையாய் வளர்த்தவர்கள், பெரிதானதும் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விட்டார்கள். 1992 புயலில் இடிந்த பண்ணையிலிருந்தும் தப்பின என்கிறார்கள். 2012-ல் வெளிவந்த ஆய்வின்படி அங்கே ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்துவிட்டது. மலைப்பாம்போடு போன ஆசிய ஒட்டுண்ணி ஒன்று இப்போது அந்த ஊர்ப் பாம்புகளைக் கொல்கிறது.

2017-ல் உதவிக்கு அவர்கள் அழைத்தது யாரை தெரியுமா? நம்ம செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள், அதில் ஒன்று பதினாறு அடி. இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. எங்க பெரியவரிடம் சொன்னேன். "அமெரிக்காவுலயும் பாம்புன்னா பாம்புதான ஐயா" என்றார்.

நாம் செய்ய வேண்டியது

மலைப்பாம்பைக் கண்டால் ஆட்களையும் நாயையும் விலக்கி, வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். சாயங்காலம் வனத்துறையினர் வந்து எடுத்துப்போய்க் காட்டில் விட்டார்கள். கோடையில் புதரிலோ பொந்திலோ முட்டையைச் சுற்றிக்கொண்டு கிடந்தால் தொடாதீர்கள், அந்தப் பக்கம் போகாமல் தகவல் மட்டும் சொல்லுங்கள்.

ஆட்டுக்குட்டி, கோழிகளை ராத்திரியில் நெருக்கமான கம்பி வலை போட்ட கொட்டகையில் அடையுங்கள். கதவுக்குக் கீழே சந்து இருக்கக் கூடாது. எலிக்குத் தஞ்சாவூர்க் கிட்டி வையுங்கள், ஆந்தை உட்காரப் பறவைத் தாங்கி நடுங்கள். வரப்பில் திரியும் சாரைப்பாம்பை அடிக்காமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது. எலி மருந்து வேண்டாம். செத்த எலியைத் தின்று ஆந்தையும் போய்விடும்.

பேரனின் நண்பனுக்கும் சொல்லி அனுப்பினேன். பதிவு செய்திருக்கிறானா பார்க்கட்டும். வளர்க்க முடியவில்லை என்றால் வனத்துறையிடம் பேசட்டும். ஏரிக்கரையில் மட்டும் கொண்டுபோய் விட்டுவிட வேண்டாம். அந்த ஏரித் தண்ணியில் யாரோ ஒரு விவசாயி நெல் நட்டிருப்பார்.