மனைவி உடைமையா? பெங்களூரு தீர்ப்பு எழுப்பிய கேள்வி

பெங்களூரு: திருமணம் என்பது மனைவியின் உடல் மீது கணவனுக்கு அளிக்கப்படும் உரிமமா? கர்நாடக உயர் நீதிமன்றம் 2022 மார்ச் 23-ம் தேதி வழங்கிய தீர்ப்பு இக்கேள்வியை நாட்டின் முன் வைத்தது.

மனைவியின் புகாரின்பேரில் கணவர் மீது சுமத்தப்பட்ட பாலியல் பலாத்காரக் குற்றச்சாட்டை ரத்து செய்ய நீதிபதி எம்.நாகபிரசன்னா மறுத்தார். கணவன் என்பதற்காகக் குற்றம் குற்றமல்ல என்றாகிவிடாது என்பதே தீர்ப்பின் சாரம். எனினும் அவ்வழக்கின் விசாரணைக்கு உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் இடைக்காலத் தடை விதித்தது.

உடைமை உணர்வு

கணவனைக் காத்த 375-வது பிரிவின் விதிவிலக்குக்கு வேர் இங்கிலாந்தில் உள்ளது. திருமணத்தின்போதே மனைவி தன்னை ஒப்படைத்துவிடுகிறாள், அதை அவள் திரும்பப் பெற முடியாது என்று நீதிபதி மேத்யூ ஹேல் எழுதினார்; அவரது நூல் 1736-ல் வெளிவந்தது. 1860-ம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்திலும் அதன் நிழல் படிந்தது.

கனடாவைச் சேர்ந்த பரிணாம உளவியலாளர்கள் மார்கோ வில்சனும் மார்ட்டின் டேலியும் இன்னும் ஆழமான காரணம் கூறினர். பிறக்கும் குழந்தை தன்னுடையதுதானா என்ற ஐயம் ஆணுக்கு உண்டு, தாய்க்கு இல்லை. இதனால் துணையைக் காவல் காக்கும் உணர்வு ஆணிடம் வளர்ந்தது. மனைவியை உடைமையாகக் கருதும் சட்டங்களிலும் அது பதிந்தது என்பது 1992-ல் அவர்கள் முன்வைத்த வாதம்.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. கணவனின் சம்மதம் இருந்தால் பிறன்மனை உறவு குற்றமாகாது என்றது 497-வது பிரிவு. அதை 2018 செப்டம்பர் 27-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

இயற்கை சாக்காகுமா?

பலாத்காரத்துக்குப் பரிணாம வேர் உண்டு என வாதிட்டு தார்ன்ஹில், பால்மர் ஆகியோர் 2000-ல் வெளியிட்ட நூல் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. அவர்களேகூட இயற்கையானது என்பதால் ஒன்று நியாயமாகிவிடாது என்றனர். தவிர, துணையைத் தேர்வதில் பெண்ணின் விருப்பமே வலிமைமிக்க சக்தி என்பதை 1871-லேயே டார்வின் விளக்கினார். அந்தத் தேர்வைப் பறிப்பதே பலாத்காரம்.

விதிவிலக்கை நீக்குமாறு நீதிபதி வர்மா குழு 2013-ல் பரிந்துரைத்தது. ஆனால் 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-வது பிரிவு, 18 வயது நிறைந்த மனைவியர் விஷயத்தில் அதைத் தக்கவைத்தது. நீக்கினால் திருமண உறவு பாதிக்கப்படும் என மத்திய அரசு அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

மனைவி கணவனின் உடைமையல்ல என்று கூறித்தான் 497-வது பிரிவு வீழ்த்தப்பட்டது. அதே அளவுகோல் இந்த விதிவிலக்குக்கும் பொருந்தாதா என்பதே பெங்களூரிலிருந்து எழுந்த கேள்வி.